பேசாமல் கூடும் சபை

1652ஆம் ஆண்டு கோடைக்காலம். வடமேற்கு இங்கிலாந்தில் அல்வர்ஸ்டன் என்ற ஊரின் தேவாலயத்தில் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் வெளியூர்க்காரர் ஒருவர் பேச அனுமதி கேட்டார். கொடுத்தார்கள். இருக்கையின் மேல் ஏறி நின்று அவர் பேசியதில் ஒரு பகுதியை, அன்று அங்கே அமர்ந்திருந்த ஒரு பெண் பல ஆண்டுகளுக்குப் பிறகு எழுதிவைத்தார். அதன் சாரம் இது: "கிறிஸ்து இப்படிச் சொன்னார், அப்போஸ்தலர்கள் அப்படிச் சொன்னார்கள் என்கிறீர்கள். நீ என்ன சொல்லப்போகிறாய்? நீ ஒளியின் பிள்ளையா? ஒளியில் நடந்திருக்கிறாயா? நீ பேசுவது உனக்குள்ளே கடவுளிடமிருந்து வந்ததா?"

பேசியவர் ஜார்ஜ் ஃபாக்ஸ். எழுதிவைத்தவர் மார்கரெட் ஃபெல், அந்த வட்டாரத்தின் செல்வாக்குள்ள நீதிபதி ஒருவரின் மனைவி. கேட்ட மாத்திரத்தில் எழுந்து நின்ற மார்கரெட், பிறகு உட்கார்ந்து அழுதார். வேத வசனங்களை வார்த்தைகளாகத் திருடி வைத்திருக்கிறோமே தவிர, அவற்றை நமக்குள்ளே அறியவில்லையே என்று கதறியதாக அவரே சொல்கிறார். அதன்பின் அவருடைய ஸ்வார்த்மோர் இல்லமே இந்தப் புதிய இயக்கத்தின் தலைமையகம் போல ஆயிற்று. கணவர் 1658இல் காலமானார். 1669இல் மார்கரெட்டும் ஃபாக்ஸும் மணந்துகொண்டார்கள்.

ஃபாக்ஸின் வழியில் திரண்ட கிறிஸ்தவப் பிரிவினரே குவேக்கர்கள். அவர்களைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் இந்தக் காட்சியிலிருந்தே தொடங்குவேன். அவர்களுடைய மௌனம், போர் மறுப்பு, சிறை அனுபவங்கள், அடிமை முறைக்கு எதிரான போராட்டம் எல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்தே முளைத்தவை.

ஃபாக்ஸ் லெஸ்டர்ஷயரில் ஒரு நெசவாளரின் மகனாக 1624இல் பிறந்தவர். செருப்புத் தைக்கும் தொழில் பழகியவர். உள்நாட்டுப் போர் மூண்டிருந்த 1643இல், பத்தொன்பது வயதில், மனக்குழப்பத்தோடு வீட்டைவிட்டுப் புறப்பட்டார். சமய குருமார்களைத் தேடித்தேடிப் போனார். ஒரு முதிய பாதிரியார், புகையிலை பிடி, சங்கீதம் பாடு, சரியாகிவிடும் என்றார். இன்னொருவர் தோட்டத்தில் நடந்தபடி நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். திரும்பும்போது ஃபாக்ஸின் கால் தற்செயலாகப் பூப்பாத்தியில் பட்டுவிட, வீடே பற்றி எரிந்ததுபோல் கொதித்துப்போனார். இப்படி நான்காண்டு அலைந்து, எந்த மனிதரும் தனக்கு உதவ முடியாது என்று கைவிட்ட நிலையில், 1647 வாக்கில், "உன் நிலையறிந்து பேசக்கூடியவர் ஒருவர் உண்டு, அவர் இயேசு கிறிஸ்துவே" என்ற குரலைத் தமக்குள் கேட்டதாக ஃபாக்ஸ் குறித்திருக்கிறார். கேட்டதும் மனம் மகிழ்ச்சியில் துள்ளியது என்கிறார்.

இந்த அனுபவத்திலிருந்து அவர் கண்டடைந்த கொள்கையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஒவ்வொரு மனிதரிடமும் கடவுளின் ஒளி இருக்கிறது. இடைத்தரகர் இல்லாமலே அதனிடம் செவிசாய்க்க முடியும். யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் வரும் "உலகத்திலே வந்து எந்த மனுஷனையும் பிரகாசிப்பிக்கிற ஒளியே அந்த மெய்யான ஒளி" என்ற வசனத்தைக் குவேக்கர்கள் தங்கள் வசனமாகவே கொண்டார்கள். 'எந்த மனுஷனையும்' என்பதை அவர்கள் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார்கள். கிறிஸ்துவின் பெயரைக் கேட்டே இராதவனுக்கும் ஒளி உண்டு, பெண்ணுக்கும் உண்டு, கைதிக்கும் உண்டு, அவனைப் பூட்டிவைத்திருக்கும் சிறைக்காவலனுக்கும் உண்டு. 1656இல் கார்ன்வாலில் லான்ஸ்டன் சிறையிலிருந்து ஃபாக்ஸ் சக ஊழியர்களுக்கு அனுப்பிய செய்தியில், ஒவ்வொருவரிடமும் இருக்கும் கடவுளுக்குரியதை நோக்கி மறுமொழி சொல்லியபடி உலகெங்கும் மகிழ்ச்சியாக நடங்கள் என்றார். இன்றுவரை குவேக்கர்கள் அதிகம் எடுத்தாளும் வாசகம் அதுதான்.

இதை ஏற்றுக்கொண்டால் மற்றவை தாமாகவே உதிர்ந்துவிடுகின்றன. எல்லாரும் ஊழியர்கள் என்றான பின் குருப்பட்டம் எதற்கு? எல்லா நாளும் புனிதம் என்றால் பண்டிகை எதற்கு? உள்ளே நடப்பதே உண்மையான ஞானஸ்நானமும் திருவிருந்தும் என்றால் தண்ணீரும் அப்பமும் எதற்கு? பெண்கள் சபையில் பேசலாமா என்பதற்கு மார்கரெட் 1666இல், சிறையில் இருந்தபடியே, விவிலியத்தை ஆதாரமாகக் காட்டி நூல் வெளியிட்டார். பெண்ணுக்குப் பேச உரிமை உண்டு என்பதற்கான மிக முந்தைய அச்சு வாதங்களில் அதுவும் ஒன்று.

குவேக்கர் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் கிடையாது. 1650இல் டார்பி நகரில் தம்மை விசாரித்த நீதிபதியிடம், கடவுளின் வார்த்தைக்கு முன் நடுங்குங்கள் என்றார் ஃபாக்ஸ். 'குவேக்கர்', அதாவது நடுங்கிகள், என்று பதிலுக்குக் கேலி செய்தார் நீதிபதி. கேலிப்பெயரே நிலைத்துவிட்டது. அவர்கள் தங்களுக்குள் 'நண்பர்கள்' என்றே சொல்லிக்கொள்வார்கள். அமைப்பின் பெயரும் நண்பர்களின் சமயச் சங்கம்தான். குவேக்கர் ஓட்ஸ் டப்பாவில் ஒருவர் தொப்பியோடு சிரிக்கிறாரே, அந்தக் கம்பெனிக்கும் இவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. குவேக்கர்கள் நேர்மைக்குப் பேர்போனவர்கள் என்பதால் கம்பெனிக்காரர்கள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நான் சைவக் குடும்பத்தில் வளர்ந்தவன். வேலை நிமித்தமாக இங்கிலாந்தின் வடபகுதியில் இருந்த ஆண்டுகளில் ஒரு சிறிய ஊரின் குவேக்கர் கூட்டத்துக்குத் தொடர்ந்து போய்வந்தேன். உறுப்பினர் ஆகவில்லை. என்னைப் போன்றவர்களை அங்கே 'வருகையாளர்' என்பார்கள். சில பேர் வாழ்நாள் முழுவதும் வருகையாளராகவே இருந்துவிடுவதும் உண்டு. அதை யாரும் குறையாக நினைப்பதில்லை.

கூட்ட இல்லத்தின் உள்ளே நாற்காலிகளை நான்கு பக்கமும் நடுவை நோக்கிப் போட்டிருப்பார்கள். நடுவில் சிறு மேசை. அதன்மேல் ஒரு பூச்சாடி, ஒரு விவிலியம், 'அறிவுரைகளும் கேள்விகளும்' என்ற சிறு புத்தகம். மேடை இல்லை, சிலுவை இல்லை, படம் இல்லை. ஆராதனை பத்தரைக்கு என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தாலும், முதல் ஆள் உள்ளே வந்து உட்காரும் கணத்திலேயே அது தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அடுத்தடுத்து வருபவர்கள் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒன்றில் சேர்ந்துகொள்கிறார்கள். தொடங்குவோம் என்று யாரும் சொல்வதில்லை.

முதல் கால் மணி நேரம் கடினம். வாரம் முழுதும் சேர்ந்த சத்தமெல்லாம் மண்டைக்குள் ஓடும். கட்ட வேண்டிய பில், ஊருக்குப் போட வேண்டிய போன், யாரோ சொன்ன சுடுசொல். பக்கத்தில் இருப்பவரின் வயிறு இரையும். ரேடியேட்டர் டக்கென்று ஒலிக்கும். பிறகு ஏதோ ஓர் இடத்தில் அறை முழுவதும் ஒரே மூச்சாகத் தணிவது உடலிலேயே தெரியும். குவேக்கர்கள் இதைத் திரண்ட கூட்டம் என்பார்கள். எல்லா வாரமும் இது வாய்க்காது. வாய்க்காத வாரத்தில் ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததோடு சரி.

இது தியானம்தானே என்று நண்பர்கள் கேட்பார்கள். தியானத்தை வீட்டிலேயே தனியாகச் செய்யலாம். இங்கே மௌனம் பொதுவானது. எல்லாரும் சேர்ந்து எதற்கோ காத்திருக்கிறார்கள். ஒருவருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று உள்ளிருந்து ஒரு தூண்டுதல் வந்தால் அவர் எழுந்து பேசலாம். அதற்கு ஊழியம் என்று பெயர். எழுவதற்கு முன் தன்னைத்தானே விசாரித்துக்கொள்ளும்படி சொல்லித்தருகிறார்கள். இது எனக்கு மட்டும் வந்த செய்தியா, எல்லாருக்குமா? இப்போதே சொல்ல வேண்டியதா, அடுத்த வாரம்வரை தாங்குமா? நான் கெட்டிக்காரன் என்று காட்டிக்கொள்ளும் ஆசை இதில் கலந்திருக்கிறதா? முதல் கூட்டத்திலேயே சொற்பொழிவாற்றத் துடிப்பவர்களை இந்தக் கேள்விகள் நாற்காலியில் உட்காரவைத்துவிடும். பழைய குவேக்கர்களின் நாட்குறிப்புகளைப் பார்த்தால், எழ வேண்டிய நேரத்தில் எழாமல் இருந்துவிட்டோமே என்று வருந்தியவர்களும் உண்டு, எழுந்து தேவைக்கு மேல் பேசிவிட்டோமே என்று வாரக்கணக்கில் நொந்தவர்களும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பணி ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் எழுந்து நின்றார். "நானும் என் தங்கையும் பேசி நெடுங்காலம் ஆகிறது. யார் பக்கம் நியாயம் என்று நான் இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றார். உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். யாரும் ஆறுதல் சொல்லவில்லை, திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. ஊழியத்துக்குப் பதில் சொல்லும் வழக்கம் கிடையாது. ஒருவர் பேசி முடித்தபின் அந்தச் சொல் இறங்குவதற்கு இடம் விட வேண்டும். வெகுநேரம் கழித்து எதிர்வரிசையில் ஒரு முதியவர் எழுந்து, கர்த்தர் கற்பித்த ஜெபத்திலிருந்து ஒரு வரியை மட்டும் சொன்னார்: "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." அந்த ஜெபத்தைச் சின்ன வயதில் மிஷன் பள்ளியில் தினமும் ஒப்பித்தவன் நான். அதில் கடன் என்ற பேச்சு இருப்பதை அன்றுதான் காதுகொடுத்துக் கேட்டேன்.

மூப்பர்கள் இருவர் கைகுலுக்கிக்கொண்டால் ஆராதனை முடிந்தது என்று பொருள். எல்லாரும் பக்கத்திலிருப்பவரோடு கைகுலுக்குவார்கள். நோயுற்றவர்களின் பெயரைச் சொல்லி, அவரை ஒளியில் ஏந்திக்கொள்ளுங்கள் என்று கேட்பார்கள். இன்னது நடக்கட்டும் என்று கேட்கும் வேண்டுதலாக அது இருக்காது. அந்த மனிதரை மனத்தில் தாங்கி ஒளியின் முன் வைப்பது மட்டும்தான். பிறகு டீ.

இவ்வளவு அமைதியான மனிதர்களை ஏன் ஆயிரக்கணக்கில் சிறைக்கு அனுப்பினார்கள் என்று கேட்கத் தோன்றும். அரசர் முன்னாலும் தொப்பியைக் கழற்ற மாட்டோம் என்றார்கள். பெரிய மனிதரைப் பன்மையிலும் ஏழையை ஒருமையிலும் அழைத்த காலத்தில், எல்லாரையும் ஒருமையிலேயே அழைத்தார்கள். தமிழ்நாட்டில் ஒரு பண்ணையாரைக் கூலியாள் 'நீ' என்று கூப்பிட்டால் என்ன நடந்திருக்கும் என்பது நமக்குத் தெரியும். நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் எடுக்க மறுத்தார்கள். சத்தியம் பண்ண வேண்டாம் என்று இயேசு சொல்லியிருக்கிறார், தவிர, சத்தியம் செய்யும்போது மட்டும் உண்மை பேசுவேன் என்றால் மற்ற நேரத்தில் என்ன பேசுகிறேன் என்பது அவர்கள் வாதம். அதிகாரிகளுக்கு இது வசதியாகப் போயிற்று. வேறு குற்றம் எதுவும் நிரூபணமாகாவிட்டால் அரச விசுவாசப் பிரமாணத்தை நீட்டுவார்கள். மறுத்ததும் உள்ளே தள்ளுவார்கள். நூற்றுக்கணக்கானோர் சிறையிலேயே மாண்டார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரம் இன்னும் கொடுமையாக நடந்துகொண்டது. வரக் கூடாது என்ற தடையை மீறித் திரும்பத் திரும்ப வந்த மேரி டையரை 1660இல் தூக்கிலிட்டார்கள்.

1670இல் லண்டனில் நடந்த ஒரு வழக்கின் பலனை உலகமே இன்று அனுபவிக்கிறது. கிரேஸ்சர்ச் தெருவின் கூட்ட இல்லத்தைப் படைவீரர்கள் மறித்து நின்றதால், வில்லியம் பென் என்ற இளைஞர் தெருவிலேயே பிரசங்கம் செய்தார். அவரையும் வில்லியம் மீட் என்பவரையும் கைது செய்தார்கள். நீதிமன்றத்துக்குள் தொப்பியில்லாமல் வந்தவர்களுக்கு, நீதிபதிகளின் கட்டளைப்படி தொப்பியைப் போட்டுவிட்டு, பிறகு தொப்பி அணிந்ததற்காக அபராதம் விதித்தார்கள். ஜூரிகள் பன்னிரண்டு பேரும் குற்றவாளி என்று சொல்ல மறுத்தார்கள். சோறு தண்ணீர் இல்லாமல் அவர்களைப் பூட்டிவைத்தும் பயனில்லை. கடைசியில் ஜூரிகளுக்கே அபராதம் விதித்தார்கள். அதைக் கட்ட மறுத்த ஜூரி எட்வர்ட் புஷெல் சிறையிலிருந்தபடி வழக்குத் தொடர்ந்தார். தீர்ப்புக்காக ஜூரிகளைத் தண்டிக்கக் கூடாது என்ற சட்டநெறி அதிலிருந்துதான் உறுதிப்பட்டது. பென் பின்னாளில், 1681இல், அமெரிக்காவில் பென்சில்வேனியா என்ற குடியேற்றத்துக்கான அரச சாசனம் பெற்றார்.

பிரிஸ்டலில் 1682இல் பெரியவர்கள் எல்லாரையும் பிடித்து அடைத்துவிட்டார்கள். கூட்டத்தைப் பிள்ளைகள் நடத்தினார்கள். அதிகாரிகள் வந்து அடித்தார்கள். பிள்ளைகள் மறுபடியும் வந்து உட்கார்ந்தார்கள். என்னால் இந்த இடத்தை எளிதில் கடக்க முடிவதில்லை.

ஆயுதம் ஏந்த மாட்டோம் என்ற பிரகடனத்தை 1660ஆம் ஆண்டின் குளிரில், இன்றைய நாட்காட்டிப்படி 1661 ஜனவரியில், இரண்டாம் சார்லஸ் மன்னரிடம் கொடுத்தார்கள். உலகப் போர்களில் பல குவேக்கர் இளைஞர்கள் துப்பாக்கியை மறுத்து ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்தார்கள், சிலர் சிறை சென்றார்கள். போர் முடிந்த நாடுகளில், எதிரி நாடு உட்பட, பசித்தவர்களுக்குச் சோறு போட்டார்கள். 1947இல் பிரிட்டன், அமெரிக்கா இரண்டின் குவேக்கர் சேவை அமைப்புகளுக்கும் சேர்த்து நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

இத்தனையையும் சொன்னாலும், குவேக்கர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் முடிவெடுக்கும் முறை. நிர்வாகக் கூட்டமும் ஆராதனைதான். மௌனத்தில் தொடங்கி மௌனத்தில் முடியும். வாக்கெடுப்பு இல்லை. பெரும்பான்மை என்ற சொல்லே அங்கே செல்லாது. எழுத்தர் என்று ஒருவர் மேசையில் இருப்பார். பேசியவற்றைக் கேட்டுக் கூட்டத்தின் மனம் எந்தப் பக்கம் போகிறது என்று கவனித்து, அங்கேயே, அப்போதே குறிப்பை எழுதி வாசிப்பார். பிறகு ஒப்புதல் கேட்பார். பிரிட்டிஷ் குவேக்கர்கள் ஆம் என்று சொல்வதில்லை, "அப்படியே என நம்புகிறேன்" என்பார்கள்.

எங்கள் கூட்டத்தில் குளிர்காலத்தில் வீடற்றவர்கள் இரவில் தங்கக் கட்டடத்தைத் திறந்துவிடலாமா என்ற பேச்சு வந்தது. ஏறத்தாழ எல்லாருக்கும் சம்மதம். ஒரே ஒரு முதியவருக்கு மனம் ஒப்பவில்லை. எழுத்தர் எழுதி வாசித்த குறிப்பில் "சிலருக்குத் தயக்கம் இருந்தது" என்று ஒரு வரி. முதியவர் எழுந்து, "நண்பர்களே, தயக்கம் இருந்தது என்று எழுதாதீர்கள். என்ன தயக்கம் என்று எழுதுங்கள்" என்றார். அறை அமைதியானது. எழுத்தர் அடித்துவிட்டு மறுபடி எழுதினார். ஆண்களும் பெண்களும் ஒரே கூடத்தில் படுக்க நேர்ந்தால் தனியாக வரும் பெண் பயந்து திரும்பிப் போய்விடுவாள் என்பதே அவர் கவலை. முன்பு இப்படி ஓர் இடத்தில் தொண்டு செய்தவராம். குறிப்பில் அது ஏறியதும் பேச்சின் போக்கே மாறியது. முடிவை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் கட்டடம் திறந்தது. உள்ளிருந்து தாழிடக்கூடிய சிறு நூலக அறை பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. வாக்கெடுப்பு நடந்திருந்தால் அந்த முதியவர் தோற்றிருப்பார். அந்த அறையும் இருந்திருக்காது.

இதே முறைக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. எல்லாருக்கும் மனம் ஒப்பும்வரை காத்திருப்பது என்றால், அநியாயத்தால் ஆதாயம் பெறுபவருக்கும் மனம் ஒப்பும்வரை காத்திருப்பது என்றாகிவிடும். பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் 1688இல் நான்கு பேர் கையெழுத்திட்டு ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். நமக்குச் செய்யப்படுவதை விரும்பாத ஒன்றை இந்தக் கறுப்பின மக்களுக்கு நாம் எப்படிச் செய்யலாம் என்று கேட்டது அது. மாதக் கூட்டம் இது எங்களால் ஆகாத பெரிய விஷயம் என்று காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. அங்கிருந்து ஆண்டுக் கூட்டத்துக்குப் போயிற்று. ஆண்டுக் கூட்டம் அதை ஒதுக்கிவைத்தது. அடிமை வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று அதே ஃபிலடெல்ஃபியா ஆண்டுக் கூட்டம் முடிவுசெய்தது 1776இல். இடையில் 88 ஆண்டுகள். அந்த 88 ஆண்டுகளில் அடிமையாகவே பிறந்து அடிமையாகவே இறந்தவர்களுக்கு, கூட்டத்தின் மனம் கனியக் காத்திருந்தோம் என்பது எப்படிப் பதிலாகும்?

காத்திருக்க மறுத்தவர் பெஞ்சமின் லே. நான்கடி உயரம், கூன் விழுந்த முதுகு. 1738இல் பர்லிங்டனில் நடந்த ஆண்டுக் கூட்டத்துக்கு, குடைந்தெடுத்த ஒரு புத்தகத்துக்குள் சிவந்த பழச்சாறு நிரம்பிய பையை ஒளித்துக்கொண்டு வந்தார். சக மனிதரை அடிமையாக்குவோரின் ரத்தத்தைக் கடவுள் சிந்துவார் என்று முழங்கி, வாளால் புத்தகத்தைக் குத்தினார். சாறு பீறிட்டுப் பக்கத்திலிருந்தவர்கள் மேல் தெறித்தது. தூக்கி வெளியே போட்டார்கள். சங்கத்திலிருந்தும் விலக்கினார்கள்.

ஜான் வுல்மன் வேறு மாதிரி. நியூஜெர்சியில் மவுண்ட் ஹாலி என்ற ஊரில் கடைச் சிப்பந்தியாக இருந்த இளைஞர். முதலாளி ஒரு கறுப்பினப் பெண்ணை விற்றுவிட்டு, விற்பனைப் பத்திரம் எழுதச் சொன்னார். வாங்குபவர் ஒரு முதிய குவேக்கர், வெளியே காத்திருக்கிறார். வுல்மன் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் எழுதும்போதே மனம் குத்தியதால், இந்த வழக்கம் கிறிஸ்தவ சமயத்துக்கு ஒவ்வாது என்று இருவரிடமும் சொன்னார். அதற்குப் பின் அப்படிப் பத்திரம் எழுதக் கேட்டபோது மறுத்துவிட்டார். ஒருமுறை அடிபட்டுக் கிடந்த அண்டை வீட்டுக்காரர் உயில் எழுதக் கூப்பிட்டார். அடிமைப் பெண்ணைப் பிள்ளைக்கு எழுதிவைக்கும் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதினார் வுல்மன். கூலி வாங்கவில்லை. என்னால் இதை எழுத முடியாது என்று மென்மையாகச் சொன்னார். இருவரும் மனம்விட்டுப் பேசினார்கள். கடைசியில் நோயாளி அந்தப் பெண்ணை விடுவிக்கச் சம்மதித்தார். உயில் பூர்த்தியானது.

இப்படியே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வீடு வீடாகப் போனார். அடிமைகள் பணிவிடை செய்யும் வீட்டில் தங்க நேர்ந்தால், கிளம்பும்போது அவர்களுக்குக் கூலி சேரும்படி காசு கொடுத்துவிட்டு வருவார். விருந்தளித்தவருக்கு அது எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சாயம் தோய்க்காத துணி உடுத்தினார். 1772இல் இங்கிலாந்து போனபோது, வண்டிக் குதிரைகளையும் பையன்களையும் வதைக்கிறார்கள் என்று கோச்சு வண்டியில் ஏறாமல் நடந்தே சென்றார். அந்த ஆண்டே யார்க் நகரில் பெரியம்மையில் இறந்தார். லேயின் கோபம் இல்லாமல் வுல்மனின் பொறுமை பலித்திருக்காது என்று சிலர் எழுதுகிறார்கள். என் மனம் வுல்மன் பக்கம்தான் சாய்கிறது, ஆனால் அவர்கள் சொல்வதை மறுக்கவும் முடியவில்லை.

மௌனத்தையே தண்டனையாக்கிய கதையும் பென்சில்வேனியாவில் நடந்தது. கைதியைத் தனியறையில் விட்டால் தன் உள்ளொளியைக் கண்டு திருந்துவான் என்ற எண்ணம், குவேக்கர்கள் முன்னின்ற சீர்திருத்த இயக்கத்தில் வளர்ந்தது. 1829இல் ஃபிலடெல்ஃபியாவில் திறந்த ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை அதன் அடிப்படையில் கட்டப்பட்டது. பல கைதிகளுக்குப் புத்தி பேதலித்தது. அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகளை மொழியிலிருந்தும் வீட்டிலிருந்தும் பிரித்த விடுதிப் பள்ளிகளையும் குவேக்கர்கள் நடத்தினார்கள். நல்லது செய்கிறோம் என்று முழுமனதாக நம்பியே செய்தார்கள். தவிர்க்க முடியாமல் தனியே பூட்டப்பட்டவனின் நிசப்தமும், விரும்பி வந்தவர்கள் சேர்ந்து காக்கும் அமைதியும் எதிரெதிர்த் துருவங்கள். இது தெரிந்திருக்க வேண்டியவர்களே அவர்கள்தான்.

'அறிவுரைகளும் கேள்விகளும்' புத்தகத்தில், நீங்கள் தவறாக இருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள் என்ற ஓர் அறிவுரை உண்டு. தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த ஒரு குவேக்கர் இங்கே நினைவுக்கு வருகிறார். வானியல் அறிஞர் ஆர்தர் எடிங்டன், 1918இல் மனச்சாட்சியின்படி போருக்குப் போக மறுத்தவர். மறு ஆண்டு பிரின்சிபே தீவுக்குச் சென்று, சூரிய கிரகணத்தின்போது, எதிரி நாடாக இருந்த ஜெர்மனியில் பணிபுரிந்த ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைச் சோதித்து உறுதிசெய்தவர். 1935இல் சென்னையிலிருந்து வந்திருந்த இளம் வானியலாளர் சந்திரசேகரின், நட்சத்திரங்களின் இறுதி நிலை பற்றிய கண்டுபிடிப்பை லண்டன் கூட்டத்தில் பலர் முன் எள்ளி ஒதுக்கியவரும் அவரே. தாம் தவறாக இருக்கக்கூடும் என்று அந்த ஒரு விஷயத்தில் அவர் எண்ணிப் பார்க்கவே இல்லை. சந்திரசேகர் பிற்காலத்திலும் அவரைப் பற்றி மதிப்போடுதான் பேசினார்.

நான் வர்ணித்த மௌன ஆராதனை உலகக் குவேக்கர்களில் சிறுபான்மையினருடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலகிலேயே அதிகக் குவேக்கர்கள் வாழும் நாடு கென்யா. 1902இல் கைமோசி என்ற ஊருக்கு வந்த அமெரிக்க மிஷனரிகளிடமிருந்து அது தொடங்கியது. அங்கே போதகர் உண்டு, பிரசங்கம் உண்டு, எழுந்து நின்று கைதட்டிப் பாடும் பாட்டு உண்டு. பொலிவியாவிலும் அமெரிக்காவின் பல பகுதிகளிலும் அப்படியே. பிரிட்டனிலோ கடவுள் என்ற சொல்லையே தயங்கித் தயங்கிச் சொல்லும் குவேக்கர்கள் இருக்கிறார்கள். பிரிட்டன் ஆண்டுக் கூட்டம் 2009இல் ஒரே பாலினத்தாரின் திருமணத்தை ஏற்றுக்கொண்டது. பல நாட்டுக் குவேக்கர்களுக்கு அது ஏற்புடையதன்று. இவர்களை எல்லாம் எது இணைக்கிறது என்று கேட்டால், இறுதியில் ஃபாக்ஸின் ஒளியைத்தான் சொல்வார்கள்.

இந்தியாவில் அவர்கள் எண்ணிக்கை சிறிது, தடம் பெரிது. 1931இல் வட்டமேசை மாநாட்டுக்குப் போன காந்தி, பர்மிங்காமில் குவேக்கர்களின் வுட்புரூக் கல்லூரியில் தங்கினார். அங்கே ஆசிரியராக இருந்த ஹோரஸ் அலெக்சாண்டர், 1947 ஆகஸ்டில் கலவரம் எரிந்த கல்கத்தாவில் காந்தியின் அருகில் இருந்தார். மார்ஜரி சைக்ஸ் 1928இல் சென்னை பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து, தமிழ் கற்று, குவேக்கரானார். சாந்திநிகேதன், சேவாகிராமம் என்று சுற்றி, பின்னர் கோத்தகிரியில் வாழ்ந்தார். இந்தியக் குடியுரிமையும் பெற்றார். திருவனந்தபுரத்தில் பூசாத செங்கல்லில் வீடு கட்டிய லாரி பேக்கரும் குவேக்கர்தான். உலகப் போரின்போது சீனாவில் ஆம்புலன்ஸ் படையில் இருந்துவிட்டு, ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் காந்தியைச் சந்தித்தார். தேவையற்றதைச் சேர்க்காத அந்தச் சுவர்களைப் பார்த்தவர்களுக்குக் குவேக்கர்களின் எளிமை என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

லண்டனிலோ டொராண்டோவிலோ சிட்னியிலோ வசிப்பவர்கள் ஒரு ஞாயிறு போய்ப் பார்க்கலாம். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, தனி உடை வேண்டாம், கையில் புத்தகம் வேண்டாம். என்ன நம்புகிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். சில நிமிடம் முன்னதாகப் போய்க் கதவருகே இருக்கும் நாற்காலிகளைத் தாமதமாக வருபவர்களுக்கு விட்டுவிட்டு உள்ளே தள்ளி உட்காருங்கள். ஒரு மணி நேரமும் யாரும் வாய் திறக்காமலே போகலாம். குறைந்தது மூன்று நான்கு வாரமாவது போன பிறகே இது நமக்கு ஒத்துவருமா என்று முடிவு செய்யுங்கள். டீக்கு இருந்துவிட்டு வாருங்கள். கேள்விகளைக் கேட்க அதுதான் நேரம், அவர்களும் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.